துணி சுற்றிய பூ

மைசூரு, அக்ரஹாரம்
27 ஏப்ரல் 2025

சரசு அக்காவுக்கு ஜோதிமணி எழுதுவது.

நலம் என்று எழுதித் தொடங்க வேண்டும், தெரியும். நலமாக இல்லாதபோது எப்படித் தொடங்குவது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. இரண்டு வருஷமாகப் பேசாதவள் திடீரென்று எழுதுகிறாளே என்று நினைப்பாய். நினைத்துக்கொள். சமாதானத்துக்கு நான் எழுதவில்லை. பயமாக இருக்கிறது, சொல்ல ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. யார் மூலமாவது உனக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டில் போன் ஒன்றுதான். அது அவரோடு நஞ்சன்கூடு பேக்டரிக்குப் போய்விடும். அவரிடம் பயம் என்று சொன்னால் அவர் என்னைவிட அதிகமாகப் பயப்படுவார். போன தடவை ஒரு மாதம் வாயே திறக்காமல் திரிந்தவர். அத்தையிடம் சொல்ல முடியாது, ஏன் என்று பிறகு எழுதுகிறேன். கொள்ளேகால் பஸ் கண்டக்டர் சந்துரு அண்ணன் உன் கடையில்தான் டீ குடிப்பார் என்று கேள்விப்பட்டேன். இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே இரண்டு தெரு தள்ளி நாகரத்னா மேடம் வீட்டில் வேலை பார்க்கிறேன். காலேஜில் தாவரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். மாடியில் பச்சை வலை கட்டி ஆர்க்கிட் வளர்க்கிறார். அவற்றுக்குத் தண்ணீர் தெளிப்பதும் தொட்டியைத் துடைப்பதும் என் வேலை. ஆர்க்கிட் என்றால் கல்யாண மண்டபத்து மேடையில் குத்தி வைப்பார்களே, அந்த ஊதாப் பூ என்று நினைத்துக்கொண்டு சேர்ந்தேன். இங்கே இருப்பவை வேறு. ஒரு வெள்ளைப் பூவின் நடுவே புறா இறக்கையை விரித்துக் குனிந்திருக்கிறது. இன்னொன்று சிலந்தி, காலெல்லாம் நீட்டி. ஒன்று செருப்பு, அதற்குள் விழுகிற பூச்சி வெளியே வரத் தடுமாறும். குரங்கு மூஞ்சிப் பூக்கள் ஒரு கண்ணாடி அறையில் இருக்கின்றன. அவற்றுக்குக் குளிர் வேண்டுமாம். அந்த வீட்டில் மேடத்துக்கு ஏசி கிடையாது, குரங்குகளுக்கு உண்டு.

முதலில் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. வயிறு தெரிய ஆரம்பித்ததும் அத்தை ஒரு பெரிய படம் வாங்கி வந்து நான் படுக்கும் இடத்துக்கு எதிரே ஒட்டினார். கொழுகொழு என்று ஒரு குழந்தை, நீலக் கண். "காலைல எந்திரிச்சதும் இதப் பாரு கண்ணு. வேற எந்த அசிங்கத்தையும் பாக்காத. நீ எதப் பாக்கறியோ அதுதான் உள்ள எறங்கும்" என்றார். நான் காலையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பகல் முழுவதும் குரங்குகளைப் பார்க்கிறேன். அவையும் என்னைப் பார்க்கின்றன. நான் நகர்ந்தால் அந்தக் கண்களும் நகர்கிற மாதிரி இருக்கிறது. இதைத்தான் அத்தையிடம் சொல்ல முடியாது என்றேன்.

இதுகூடப் பரவாயில்லை. கண்ணாடி அறை மூலையில் அகல இலைச் செடி ஒன்று மேடத்திடம் வந்து ஆறு வருஷம் பூக்காமல் இருந்ததாம். இப்போது மொட்டு விட்டிருக்கிறது. பூத்தால் எப்படி இருக்கும் என்று மேடம் படம் காட்டினார். "நோடு ஜோதி, பாப்பு மலகிதே" என்றார். பாப்பு என்றால் குழந்தை. குழந்தை தூங்குகிறதாம். தொட்டில் பூ என்று அதற்குப் பெயராம்.

அக்கா, அது தொட்டில் இல்லை. தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி சுற்றிய குழந்தை. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எதற்கு என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு மேட்டூர் ஆஸ்பத்திரியில் என் பிள்ளையை வெள்ளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனவள் நீதானே, முகத்தை எனக்குக் காட்டாமல்.

நீ இங்கே வரக் கூடாது. எழுது, அது போதும். மேடம் வீட்டு விலாசம் கீழே இருக்கிறது.

ஜோதிமணி


கொள்ளேகால்
29 ஏப்ரல் 2025

ஜோதி,

கடிதம் வந்தது. சந்துரு கொடுத்துவிட்டு டீ குடித்து முடிக்கும்வரை என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஏனக்கா, கெட்ட சேதியா?" என்றான். "தங்கச்சி எழுதிருக்கறா, நீ பன்னத் தின்னுட்டு பஸ்ஸப் பாரு" என்றேன். கடையில் கூட்டம். படித்து முடிக்க மத்தியானம் ஆனது, அதற்குள் பால் இரண்டு தடவை பொங்கி அடுப்பில் வழிந்தது.

வரக் கூடாது என்றாய். வரவில்லை. ரோஷம் அப்பா உனக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து இல்லை, எனக்கும் அதில் பங்கு உண்டு. நீயாகக் கூப்பிடும்வரை மைசூர் பஸ் படியில் கால் வைக்க மாட்டேன்.

பூ விஷயத்துக்கு வருகிறேன். நம் கொளத்தூர் வீட்டு வேலியில் சங்குப் பூ படர்ந்து கிடந்தது. அதைப் பார்த்து, யாருக்கோ சங்கு ஊதிவிட்டார்கள் என்று நாம் அழுதோமா? கோழிக்கொண்டைப் பூவை மாலை கட்டிச் சாமிக்கே போடுகிறோம், அது என்றைக்காவது கொத்தியதா? பூவுக்குத் தான் எப்படி இருக்கிறோம் என்றே தெரியாது. குரங்கு என்பதும் குழந்தை என்பதும் நாம் வைக்கிற பெயர். உன் அத்தை ஒட்டிய படத்தை நானும் பார்த்திருக்கிறேன், எல்லா வீட்டிலும் அதே பிள்ளைதான். அதைப் பார்த்துப் பார்த்துப் பெற்ற என் இரண்டும் உன் மாமா மூக்கோடுதான் பிறந்தன. இனி அந்த மூக்கை யார் தலையில் கட்டுவது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிடிக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிடு. யார் உன்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்? அந்த ஊர் ராகி உருண்டை செரிக்கவில்லை என்றால் கஞ்சியாகக் குடி. எட்டாம் மாத ஸ்கேன் எப்போது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ.

முகத்தைக் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் அதைச் சொல்ல மாட்டேன்.

தைரியசாலி மாதிரி எழுதிவிட்டேன். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கும் பயம்தான். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து பயந்தால் யாருக்கு லாபம். சீக்கிரம் எழுது.

சரசு


மைசூரு
8 மே 2025

அக்கா,

அது பூத்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் வாசனை வந்தது. பூ வாசனை இல்லை, வலிக்குத் தடவும் தைலத்தின் வாசனை. பிரசவ வார்டில் இருந்த அதே வாசனை. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன், கால் உள்ளேதான் போனது. மெழுகில் செய்த மாதிரி கெட்டியான வெள்ளை இதழ்கள் போர்வை மாதிரி சுற்றியிருக்கின்றன. மேலே ஒரு இதழ் முக்காடு. முக்காட்டுக்குள் சின்னத் தலை ஒன்று. அதற்குக் கண் இல்லை, மூக்கு இல்லை. வழுவழுவென்று வெறும் தலை.

மேடம் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். எனக்கு இனிப்பு கொடுத்தார், போட்டோ எடுத்தார். பூவை விரலால் லேசாகத் தொட்டார், உள்ளே இருப்பது முன்னும் பின்னும் ஆடியது. அதற்காகத்தான் தொட்டில் என்று பெயராம். அங்கே கீல் மாதிரி ஒன்று இருக்கிறதாம், வண்டு உள்ளே போனால் சாய்த்துவிடுமாம். மேடம் விளக்கமாகச் சொன்னார், நானும் தலையாட்டினேன். மேடம் கீழே போன பிறகும் மின்விசிறிக் காற்றில் அது ஆடிக்கொண்டே இருந்தது. துணிக்குள் இருந்து அசைகிற மாதிரி. உயிரோடு இருந்த பிள்ளையைச் சுற்றிவிட்டார்களோ என்று என் புத்தி போனது. இப்படி எல்லாம் எழுதுவதற்கு என்னைத் திட்டாதே.

மறுநாள் குரங்குத் தொட்டிகளை எல்லாம் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். மேடம் "யாக்கே?" என்று கேட்டார். வெயில் படட்டும் என்று பொய் சொன்னேன். அந்தப் பூவைத் திருப்பினாலும் அது அப்படியேதான் இருக்கிறது, அதற்கு முகமே இல்லையே. என் கைக்குட்டையைப் போட்டு மூடினேன். மூடியதும் இன்னும் மோசம். பிடுங்கி எடுத்துக்கொண்டு கீழே ஓடி வந்துவிட்டேன்.

வேலையை விடச் சொல்கிறாய். விட்டால் அத்தை காரணம் கேட்பார். காரணம் சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப் போவார், மாதேஸ்வரன் மலைக்கு வேண்டிக்கொள்வார். போன தடவையும் வேண்டிக்கொண்டார், கடைசி நிமிஷம்வரை எல்லாம் நல்லாயிருக்கு, எல்லாம் நல்லாயிருக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லை மறுபடி கேட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

ஸ்கேனுக்குப் போன வாரம் போனேன். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அத்தை வெளியே பெஞ்சில் கண்ணயர்ந்திருந்தார், முடிந்துவிட்டது என்று சொல்லிக் கூட்டி வந்தேன். ஏன் என்று கேட்காதே.

உன்னிடம் பதில் இருக்கிறது என்றாயே. என்ன பதில்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தத் துண்டை விலக்கிக் காட்டியிருந்தால் எனக்கு ஒரு முகமாவது இருந்திருக்கும். அது இல்லாமல் போனதால்தான் இந்த மொட்டைத் தலை என் கண்ணிலேயே நிற்கிறது. காலையில் அத்தையின் படத்தைப் பார்க்கிறேன், அந்தப் பிள்ளைக்கும் முகம் அழிந்து போகிறது.

ஜோதி


கொள்ளேகால்
9 மே 2025

ஜோதிமணி,

பாதியில் எழுந்து வந்தாயா? படிக்கும்போது கடையில் ஆள் இருக்கிறதுகூட மறந்து "அடிப் பாவி" என்றேன். எதிரே நின்றிருந்த ஆள் டீயை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

ஸ்கேன் அறையில் என்ன நடந்தது? யார் என்ன சொன்னார்கள்? ஒரு சொல் விடாமல் எழுது. கேட்காதே என்றால் கேட்காமல் இருப்பதற்கு நான் என்ன உன் புருஷனா? அந்த மேடத்தின் போன் நம்பரையும் எழுது. நான் தொல்லை பண்ண மாட்டேன், அவசரத்துக்கு.

நீ இவ்வளவு எழுதிய பிறகு நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பது சரியில்லை. சொல்கிறேன். நான் துண்டோடு உன் கட்டில் பக்கம் வந்தேன். "ஜோதி, பாக்கறயா?" என்று கேட்டேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். "கொண்டுட்டுப் போயிரு, எனக்குக் காட்டாத" என்றாய். மறுபடி கேட்டேன். நீ புடவையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாய். மயக்க மருந்து முழுசாகத் தெளியவில்லை, உனக்கு ஞாபகம் இருக்காது. பெற்றவளிடம் போய் நீதான் வேண்டாம் என்றாய் என்று நான் எப்படிச் சொல்வேன்? நீ என்மேல் பழி போட்டாய், போட்டுக்கொள்ளட்டும், யார்மேலாவது போட்டால்தான் இவள் எழுந்து நடப்பாள் என்று இருந்துவிட்டேன். ஆனால் வலித்தது ஜோதி. தீபாவளிக்கு உனக்கு எடுத்த சேலை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

நீ தப்பு செய்யவில்லை. அந்த நேரத்தில் நானாக இருந்தாலும் திரும்பித்தான் படுத்திருப்பேன். இதை நீ நம்ப வேண்டும்.

இப்போது பேச வேண்டியது இந்தப் பிள்ளையைப் பற்றி. பூவைப் பார்க்கிற நேரத்தில் வயிற்றில் கை வை. எத்தனை தரம் உதைக்கிறது என்று பார். உடனே பதில் வேண்டும்.

சரசு


மைசூரு
13 மே 2025, காலை

அக்கா,

நீ எழுதியதை நம்ப எனக்கு நாலு நாள் ஆனது. இன்னும் முழுசாக நம்பவில்லை. அதைப் பிறகு பேசலாம்.

ஸ்கேன் அறையில் நடந்ததை எழுதுகிறேன். என் பழைய பைலை மேஜைமேல் வைத்திருந்தார்கள். டாக்டரம்மா அந்தக் கருவியை வயிற்றில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரே இடத்தில் ரொம்ப நேரம் வைத்திருந்தார். பக்கத்தில் நர்ஸ் ஒருத்தி, சின்னப் பெண். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அய்யோ பாப்பா" என்றாள். நடுவில் ஏதோ மெல்லச் சொன்னாள், காதில் விழவில்லை. கடைசியில் "ஹோகிபிட்டிதே" என்றாள்.

என் கன்னடம் அரைகுறைதான். ஆனால் பாப்பு என்றால் குழந்தை என்று மேடத்திடம் கற்றுக்கொண்டேனே. ஹோகிபிட்டிதே என்றால் போய்விட்டது. பால்காரர் கரண்ட் ஹோகிபிட்டிதே என்பார். அய்யோ, பாப்பா போய்விட்டது. இதைத்தான் அவள் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் எழுந்து வயிற்றைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் வாயால் அதைக் கேட்கக் கூடாது என்ற ஒரு நினைப்புதான் அப்போது இருந்தது.

பிறகு வயிற்றில் அசைவு தெரிந்தது. அதனால் இவ்வளவு நாள் தைரியமாக இருந்தேன். அவள் தப்பாகச் சொல்லியிருப்பாள், அல்லது இனிமேல் போகப்போகிறது என்று சொல்லியிருப்பாள், இப்படி மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டேன். நேற்றிலிருந்து அசைவு குறைந்த மாதிரி இருக்கிறது. நீ சொன்ன மாதிரி கை வைத்துப் பார்த்தேன். சில சமயம் இருக்கிறது, சில சமயம் என் கை நடுங்குவதுதான் அப்படித் தெரிகிறதோ என்று தோன்றுகிறது. பயத்தில் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

இன்று காலை மேடம் வீட்டில் அந்தப் பூவின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மின்விசிறியை நிறுத்திவிட்டேன். ஆனாலும் என் மூச்சுக் காற்றுக்கே அது ஆடுகிறது. துணிக்குள் இருப்பது அசைகிறது, எனக்குள் இருப்பது அசையவில்லை. கத்தரியை எடுத்தேன். வெட்டினால் இது செத்துவிடும், அது பிழைக்கும் என்று ஒரு நினைப்பு. உடனே, வெட்டினால் இரண்டும் போய்விடும் என்று இன்னொரு நினைப்பு. கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. சந்துரு அண்ணன் பஸ் கிளம்பும் நேரம், மேடம் வீட்டுக்குப் பால் போடுகிற அஞ்சலையிடம் கொடுத்து ஓடச் சொல்கிறேன். நீ கேட்ட மேடம் நம்பர் பின்பக்கம் இருக்கிறது.

வராதே என்று நான் சொன்னதை மறந்துவிடு.

ஜோதி


மைசூரு, ஆஸ்பத்திரி வராந்தா
13 மே 2025, இரவு

ஜோதி,

நீ படுத்திருக்கும் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். கூட ஒருவருக்குத்தான் அனுமதி, உன் அத்தை உள்ளே இருக்கிறார். வாட்ச்மேனிடம் கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். காலையில் பார்க்கலாம் என்கிறான். இங்கே துப்புரவு வேலை பார்க்கும் பசம்மா என்கிற புண்ணியவதி இந்தத் தாளை உன்னிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். கண் திறக்கும்போது படி.

உன் கடிதத்தைப் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றபடி படித்தேன். மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன், பேக்டரிக்குள் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம், எடுக்கவில்லை. உடனே மேடத்தைக் கூப்பிட்டேன். அரைப் பேச்சிலேயே அவர் "நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க வாங்க" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். செருப்பு மாட்டாமல் உன்னை ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார், இப்போதும் இங்கே வெறும் காலோடு நிற்கிறார். கடையைத் திறந்தது திறந்தபடி உன் மாமாவிடம் விட்டுவிட்டு, சந்துருவின் அதே பஸ்சில் நானும் ஏறி வந்தேன். வழியெல்லாம் அவன் டிக்கெட் கொடுப்பதும் என்னைத் திரும்பிப் பார்ப்பதுமாக வந்தான்.

நீ மயக்கத்தில் இருந்தபோது நடந்ததை உன் அத்தை வந்து சொன்னார். அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண். எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் சூட்டில் வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறாள். நல்லாயிருக்கு என்று நான் எழுத மாட்டேன், அந்தச் சொல் உனக்கு ஆகாது. உயிரோடு இருக்கிறாள், மூச்சு விடுகிறாள். இதை டாக்டரம்மா வாயால் நானே கேட்டேன்.

இப்போது அந்த நர்ஸ் சமாசாரம். உன் கடிதத்தைப் படித்ததுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. இங்கே வந்து அந்தப் பெண்ணையே தேடிப் பிடித்துக் கேட்டேன். அவள் பயந்து போய்ச் சொன்னாள். அது பாப்பா இல்லை ஜோதி. கன்னடத்தில் "அய்யோ பாப்ப" என்றால் ஐயோ பாவம். உன் பழைய பைலைப் பார்த்துவிட்டு, "அய்யோ பாப்ப, மொதல்னே மகு ஹோகிபிட்டிதே" என்றாளாம். ஐயோ பாவம், முதல் பிள்ளை போய்விட்டதே என்று. நடுவில் உன் காதில் விழாமல் போனது அதுதான். உன்மேல் இரக்கப்பட்டு ஒரு வார்த்தை சொன்னாள், அது உன்னை இந்தப் பாடு படுத்திவிட்டது.

நான் கொள்ளேகால் வந்த புதிதில் கையில் கொதிக்கிற டீயை ஊற்றிக்கொண்டேன். கடைக்கு வந்த ஒரு பெரியவர் "அய்யோ பாப்ப" என்றார். எந்தப் பாப்பா என்று நான் தெருவை எட்டிப் பார்த்தேன். இதை அன்றே உனக்குச் சொல்லிச் சிரித்திருக்கலாம். பேசிக்கொண்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆனால் டாக்டரம்மா கருவியை ஒரே இடத்தில் வைத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. பிள்ளையைச் சுற்றித் தண்ணீர் குறைந்து போயிருந்ததாம். அதைச் சொல்லத்தான் இருந்தார், அதற்குள் நீ ஓடிவிட்டாய். பைலில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அது மாப்பிள்ளையின் பழைய நம்பர். இதையும் உனக்கு மறைக்கவில்லை. மேடம் இன்று உன்னைக் கூட்டி வந்தது சரியான நேரம்.

தூங்கு. நான் இங்கேயேதான் இருக்கிறேன்.

சரசு


வார்டு
14 மே 2025

அக்கா,

உன் தாளின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். பசம்மா காத்துக்கொண்டு நிற்கிறாள்.

நீ சொன்னது ஞாபகம் வரவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் சுவர் ஞாபகம் வருகிறது. மேட்டூர் ஆஸ்பத்திரிச் சுவர். பச்சைச் சுண்ணாம்பு, அதில் ஒரு ஆணி, ஆணியில் அறுந்த நூல். அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னிடம் கேட்காமலே தூக்கிக்கொண்டு போயிருந்தால் நான் சுவரைப் பார்த்திருக்க மாட்டேன். நீ போன வாசலைத்தான் பார்த்திருப்பேன். நீ சொன்னதுதான் உண்மை.

எல்லாரும் வந்து பெண், பெண் என்கிறார்கள். அவர் வந்தார், அழுதார், பெட்டி அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் சிரித்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. நர்ஸ் வந்து, பாலூட்ட முயற்சி பண்ணலாம், மெதுவாக நடந்து வாருங்கள் என்று கூப்பிட்டாள். தலை சுற்றுகிறது என்றேன். இன்னொரு தரம் வந்தாள். தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். அத்தை என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நேற்று ஆபரேஷன் அறையிலிருந்து என்னை வெளியே தள்ளிக்கொண்டு வரும்போது அரை மயக்கத்தில் பார்த்தேன். ஒருத்தி என்னைத் தாண்டி வேகமாகப் போனாள். கையில் துணி. வெள்ளைத் துணி. முகம் தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை பேர் வந்து என்ன சொன்னாலும் நான் அந்தத் துணியைத்தான் பார்க்கிறேன். நான் போய்ப் பார்க்கும்போது பெட்டிக்குள் அந்தப் பூ இருந்தால் என்ன செய்வேன்? இது கிறுக்குத்தனம் என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் என் கால் எழவில்லை. பார்க்காத வரைக்கும் அவள் உயிரோடு இருக்கிறாள், நான் போய்ப் பார்த்தால் போய்விடுவாள் என்று இருக்கிறது.

நீ முதல் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாய். உனக்கு மட்டும்தான் தெரியும். அவன் எப்படி இருந்தான்? இரண்டு வருஷமாக உன்னைத் திட்டினேனே தவிர, இதை ஒரு தரம் கேட்கவில்லை. எனக்குக் கேட்கப் பயம். இப்போது கேட்கிறேன். அதைச் சொல். அதைத் தெரிந்துகொண்டால்தான் இவளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரும்.

ஜோதி


14 மே 2025

ஜோதி,

சொல்கிறேன்.

உன் நெற்றி. அகலமாக, நடுவில் மயிர் இறங்கி. மயிர் நிறைய இருந்தது, ஈரமாக ஒட்டியிருந்தது. காது மாப்பிள்ளை காது. வாய் லேசாகத் திறந்திருந்தது, பால் குடித்து முடித்த பிள்ளை தூக்கத்தில் வைத்திருக்குமே அப்படி. முகத்தில் எந்த வலியும் இல்லை. பயப்படும்படி ஒன்றுமே இல்லை, தூங்குகிற பிள்ளைதான். நானும் உன் மாமாவும் எடுத்துக்கொண்டு போகிற வழியில் துண்டை முழுசாக மூடவே இல்லை. கடைசியில் அவனுக்கு நான் இரண்டு முத்தம் கொடுத்தேன். ஒன்று எனக்காக. இன்னொன்றுக்கு உன் பேரைச் சொன்னேன்.

பெரியம்மா என்று சொல்லிப் பெட்டி அறைக்குள் போய்விட்டு வந்தேன். வாட்ச்மேன் இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இவள் முகத்தை நான் உனக்கு எழுத மாட்டேன். ஒரு பிள்ளையின் முகத்தை உனக்குப் பதிலாக நான் பார்த்தது போதும். பசியில் கத்துகிறாள், உன் வார்டுவரை கேட்கிறதே, அது அவள்தான். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். எழுந்து வா.

சரசு